காளஹஸ்தியிலிருந்து வருகிறவர்கள்

திருப்பதியில் நான் மெஸ் திறந்த புதிதில் தினமும் காலையில் ஒரு கூத்து நடக்கும். காளஹஸ்தி பஸ்ஸில் வந்து இறங்கும் யாத்திரிகர்கள், பாகாலா ரயிலைப் பிடிக்க எங்கள் சந்து வழியாகப் போவார்கள். சாம்பார் வாசனைக்கு வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். "இதி இல்லா?" என்று கேட்பார்கள். இது வீடா என்கிறார்கள். நானும் முகமெல்லாம் சிரிப்பாக, "மா இல்லே, ரண்டி" என்பேன். எங்கள் வீடுதான், வாருங்கள் என்று. அவ்வளவுதான், வந்த வேகத்தில் நடையைக் கட்டுவார்கள். நம் திருத்தணிப் பக்கத்தில் வீட்டுச் சாப்பாடு என்றால் அதைவிட நற்சாட்சி உண்டா, சொல்லுங்கள். தமிழச்சி சமைத்ததைச் சாப்பிட மாட்டார்களோ என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

கணவர் போன பிறகு, குடியிருந்த வாடகை வீட்டின் முன்கூடத்தில் இரண்டு பெஞ்சு போட்டு ஆரம்பித்த பிழைப்பு அது. சந்தும் என்னைப் போலத்தான் இருந்தது. அங்கிருந்த பழைய சத்திரத்தை மூடிய பின் பாதிக் கதவுகள் திறப்பதே இல்லை. மிஞ்சியிருந்தவர்களில் ஒருவர் ரத்தினம், நாடகக் கம்பெனிகளுக்குப் படுதா எழுதுகிறவர். அவர்தான் ஒருநாள் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, காளஹஸ்தி போய்ட்டு வர்றவன் நேரா அவன் வூட்டுக்குத்தான் போவான். அடுத்தவங்க வூட்ல கால் வைப்பானா? நீ வேற வூடு வூடுன்னு கூவிக்கினு கீற!"

எனக்கும் தெரிந்த வழக்கம்தான். பிழைப்புப் பதற்றத்தில் உறைக்கவில்லை. அன்றே ரத்தினம் மாவிலைத் தோரணத்தை அவிழ்த்தார். துளசி மாடம் கொல்லைக்குப் போனது, கோலமும் பின்வாசலுக்குப் போனது. முன்சுவர் முழுக்க ஆவி பறக்கும் இட்லியும் ஆளுயரத்துக்கு ஒரு காபி டம்ளரும் எழுதினார். மறுவாரம் பெஞ்சில் இடமில்லை. அதைப் பார்த்து சோடாக்கடைக்காரர் தன் சுவரில் தாமரைக் குளம் கேட்டார், தையல்காரர் சைக்கிளில் போகும் துரையைக் கேட்டார். படம் பார்க்க வந்தவர்கள் வளையலும் வாங்கினார்கள். ஒரு வருஷத்தில் பூட்டிக் கிடந்த கதவெல்லாம் கடையாகத் திறந்துவிட்டது. எனக்குப் பெருமையில் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எல்லை பிரித்தார்கள். நான் புறப்பட்டு வந்தபோது திருத்தணியும் சித்தூர் ஜில்லா, திருப்பதியும் சித்தூர் ஜில்லா. எந்த நாட்டுக்கும் போகாமலே நான் அயலூர்க்காரி ஆனேன். "நாங்கள் மதராஸ் ஆகிவிட்டோம், நீ மட்டும் ஆந்திராவில் யாருக்காக இருக்கிறாய்? வந்துவிடு" என்று தம்பி கடிதம் போட்டான். "எனக்கும் இங்கே ஒரு வீடு இருக்கிறது. ஒருமுறை வந்து பார், பிறகு பேசலாம்" என்று எழுதினேன். அவன் பார்த்து ஒப்புக்கொண்டால் போதும் என்று இருந்தது. எழுதிய நாளிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தான். நெற்றி நிறைய விபூதி, கையில் பிரசாதப் பை.

"காளஹஸ்தியிலேர்ந்தா வர்ற?" என்றேன்.

"ஆமாக்கா. அப்டியே உன்னையும் பாத்துட்டு, நேரா வூட்டுக்குப் போணும்."

சுவர்ப் படங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே படியேறி உள்ளே வந்தான்.

"டேய், உள்ள வர்றியே?"

"இன்னாக்கா? கடைதானே இது, வூடா? பசிக்குது, துன்னுட்டுப் போறேன்."

நாலு இட்லி வைத்தேன். நன்றாக இருக்கிறதென்று இன்னும் இரண்டு கேட்டான். அவனோடு நான் ஊருக்குப் போகவில்லை. இந்தச் சந்தை விட்டுவர மனம் இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். அவன் மட்டும் வெளியிலேயே நின்று, "உன் வூட்டுக்குள்ள இன்னிக்கு வரக்கூடாதுக்கா" என்று சொல்லியிருந்தால், அத்தனை ஜனம் பார்க்க நடுத்தெருவில் இலை போட்டு அவனுக்குப் பரிமாறியிருப்பேன்.