பதினாலாம் குழாய்

குப்பைமேடு சரிந்த அன்று அவளுடைய கணவன் அதன் உச்சியில் புல்டோசர் ஓட்டிக்கொண்டிருந்தான். மூன்று நாள் மழையில் ஊறிய மேடு, பகல் பதினொரு மணிக்கு ஒரு பக்கமாக இறங்கியது. வண்டி கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. பன்னிரண்டு நாள் தோண்டினார்கள். உள்ளிருந்து வந்த வாயுவில் தோண்டியவர்களே இரண்டு பேர் மயங்கி விழ, நிறுத்திவிட்டார்கள். மேட்டை மண்போட்டு மூடி, உள்ளே உண்டாகும் வாயுவை இழுக்க இருபது குழாய்கள் இறக்கினார்கள்.

குழாய்களில் வரும் வாயுவை அளக்க ஆள் தேடியபோது அவளே போய் நின்றாள்.

"வேற வேலையே கிடைக்கலியா உனக்கு?" என்றாள் அக்கா.

"அங்கதானே அவரு இருக்காரு."



தினமும் காலையில் கையில் மீட்டரோடு மேட்டைச் சுற்றுவாள். ஒவ்வொரு குழாயிலும் ரப்பர் டியூபைச் செருகி, மீத்தேன் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று எழுதுவாள். மீட்டரம்மா என்றே பேராகிவிட்டது. பதினாலாம் குழாய் சரிவு நடந்த இடத்தில் இருந்தது. "பனியிலகூட ஜுரக்காரன் நெத்தி மாதிரி சுடுதுடி" என்று ஒருநாள் மகளிடம் சொன்னாள். மகள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

மழை விட்டால் தேங்கிய நீரில் குமிழிகள் வரும், யாரோ அடியில் மூச்சு விடுவதுபோல. மற்றவர்கள் சுற்றிப் போவார்கள். அவள் நின்று பார்ப்பாள்.

ஐந்தாம் வருடம் பதினாலுக்குப் பக்கத்தில் புதிதாகத் துளை போட்டார்கள். ஆவி பறக்கக் கறுப்பாக வந்து விழுந்த குப்பையில், முடிச்சுப்போட்ட பிளாஸ்டிக் பைக்குள் ஒரு செய்தித்தாள் இருந்தது. எழுத்துகூட அழியவில்லை. சரிவுக்கு முந்தின நாள் தேதி. 'மழை நீடிக்கும்' என்று போட்டிருந்தது.

"பேப்பர் இப்படியே இருக்கே, சார்?"

"காத்தும் தண்ணியும் சேராத எடத்துல பேப்பர் சீக்கிரம் மக்காதும்மா" என்றார் இன்ஜினியர். "ஈரமானதைத்தான் கிருமி மொதல்ல தின்னும். காத்து இருக்கறவரைக்கும் ஒரு கிருமி, காத்து தீர்ந்ததும் வேற கிருமி. அது விடறதுதான் இந்த கேஸ்."

"அப்போ மனுஷன்?"

அவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். "மண்ணுல பொதைச்சாலும் இதேதாம்மா நடக்கும்."

"இந்த கேஸ் எங்க போகுது?"

"இன்ஜின் ரூமுக்கு. கரண்டா மாறி உங்க தெருவுக்கே வருது."

அன்று மாலை அவள் விளக்குப் போடவில்லை. மகள் வந்து காரணம் கேட்டாள். இந்தக் கரண்டில் அவரும் எரிகிறாரோ என்றாள் இவள்.

"மலை மாதிரி குப்பைம்மா அது! அதுல அப்பா எவ்வளவு இருப்பாரு?"

"துளியாவது இருந்தா?"

மகள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "வேலை முடிஞ்சு அந்த நாத்தத்தோடயே என்னைத் தூக்குவாரு. நான் மூக்கைப் பொத்திக்குவேன். ஒருநாள்கூட பொத்தாம இருக்கலம்மா நான்." ஐந்து வருடத்தில் அவள் அப்பாவைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. இருவரும் அழுது ஓய்ந்த பிறகு, மகளே எழுந்து விளக்கைப் போட்டாள்.

வருடங்கள் ஓட, பதினாலில் மீத்தேன் ஐம்பது சதவீதத்திலிருந்து முப்பதானது, பிறகு பத்து. அடியில் தின்ன ஒன்றும் மிச்சமில்லை என்றார்கள். உள்ளதைவிடக் கூட்டி எழுத ஒருநாள் கை போனது, எழுதவில்லை. ஆனால் ஒவ்வொரு எண்ணும் குறையும்போது அவன் இன்னொரு தடவை போவதுபோல இருந்தது.

பதினாலாம் குழாயை மூடும் உத்தரவோடு இன்ஜினியர் வந்தார்.

"இன்னும் ஆறு பர்சென்ட் வருதே, சார்" என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார்.