கதவு பதிந்த சுவர்

கத்தியக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் அது மீனுக்குத்தான் தெரியும். துண்டுகள் ஒரே அளவில், அளந்து வைத்தாற்போல விழும். அன்று காலையும் அப்படித்தான் விழுந்துகொண்டிருந்தன. பலகைக்கு இந்தப் பக்கம் நகராட்சி நோட்டீஸ். அந்தப் பக்கம் அதே நகராட்சி அச்சடித்த சுற்றுலாத் தாள்.

தாளில் பளபளவென்று படங்கள். பிழிந்த துணிபோல முறுக்கிக்கொண்டு நிற்கும் கோபுரம், கண்ணாடிக் கூரை போட்ட படகுத்துறை, கவிழ்த்த படகு மாதிரி நூலகம். எல்லாவற்றுக்கும் கடைசியில் 'ஊர்க்காரர்கள் விரும்புவது' என்ற தலைப்பின் கீழ், நூலகத்துக்கு எதிரே இருக்கும் அவளுடைய வறுத்த மீன் கடை. நோட்டீஸ் வேறு பாட்டுப் பாடியது. நூலகம் எழும்பிய பிறகு அதன் பார்வையை மறைத்து அத்துமீறிப் போட்ட கொட்டகையாம். பதினைந்து நாளில் அகற்ற வேண்டுமாம். முன்பே இருந்ததென்றால் ஆதாரம் காட்டலாமாம்.

"வாயில ஊட்டிட்டு வயித்துல குத்துறாங்க" என்றாள், மீனைப் பார்த்து.

கடை இருபது வருடத்துக் கடை. நூலகத்துக்கு வயது பதின்மூன்று. ஆனால் அவளிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இருந்த ஆதாரம் ஒன்றே ஒன்று, அது நூலகத்தின் சுவரில் இருந்தது.

அந்தச் சுவருக்குக் கான்கிரீட் ஊற்றிய நாளில் அச்சுப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் மேஸ்திரிக்குப் பலகை போதவில்லை. கலவை வண்டி வந்து உருண்டுகொண்டு நிற்கிறது. கான்கிரீட் யாருக்காகவும் காத்திருக்காது. மேஸ்திரி வேறு யாருமில்லை, கத்தியக்காவின் கொழுந்தன். அண்ணி ஒரு வாரமாக வெளியூரில். எதிர்க்கடைக் கதவைக் கழற்றி, பலகையோடு பலகையாக வைத்து அடித்துவிட்டான்.

கான்கிரீட் இறுகிப் பலகைகளைப் பிரித்தபோது சுவரில் கதவு அப்படியே பதிந்திருந்தது. சட்டம், ஆணித் தலைகள், இடுப்பு உயரத்தில் வரிசையாகச் சாய்ந்த கோடுகள். தினமும் கத்தியைத் தீட்டியதும் கதவில் ஒரு இழுப்பு இழுத்துக் கூர் பார்ப்பது கத்தியக்காவின் பழக்கம். அந்தக் கீறல்கள்தான் சுவரில் மேடுகளாக நின்றன. கதவு பிரிக்கும்போதே உடைந்துபோனது.

இடிக்கச் சொல்வார்கள் என்று மேஸ்திரி வியர்த்து வழிந்தான். வரைபடம் போட்ட பெரியவரோ வந்து பார்த்தார், தலையைச் சாய்த்தார், 'அழகு' என்றார். பிறகு 'திறக்காத கதவு' என்று பெயர் வைத்து, அதைத் தன் கற்பனையாகவே ஆக்கிக்கொண்டார். இப்போது சுற்றுலா வழிகாட்டி நாளுக்கு மூன்று கூட்டத்தை அழைத்துவந்து, "சாய்ந்த இந்தக் கோடுகள் கடல்மேல் பெய்யும் மழை" என்கிறான்.

"என் கத்தி இழுத்ததை மழைங்கறான். கேக்கறதுகளும் குடை கொண்டு வரலையேங்கற மாதிரி அண்ணாந்து பாக்குதுங்க" என்று அவள் புகையாத நாளில்லை. ஆனாலும் வெளியே சொன்னதில்லை. சொன்னால் தனக்கு எவனும் வேலை தரமாட்டான் என்று கொழுந்தன் காலைப் பிடித்திருந்தான்.

அன்று கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு நகராட்சி ஆய்வாளர் ஆதாரம் பாக்க வர்றார். நீ வந்து சொல்லணும்."

"அண்ணி, வேற வழியே இல்லையா?"

"இருக்கு. கடையை உன் வீட்டு வாசல்ல போட்டுக்கறேன். உன் பொண்டாட்டிகிட்ட கேட்டுச் சொல்லு."

வந்தான்.

சுவரில் பதிந்திருப்பது தன் பழைய கடைக் கதவு என்று கத்தியக்கா சொல்ல, ஆய்வாளர் சுவரையும் பார்த்தார், கடையின் இப்போதைய கதவையும் பார்த்தார். அதிலும் இடுப்பு உயரத்தில் அதே கீறல் வரிசை. கொஞ்சம் நம்பிக்கை வந்த முகம் உடனே சுருங்கியது.

"கதவுல கோடு இடப்பக்கம் சாயுது. சுவர்ல வலப்பக்கம் சாயுதே?"

மேஸ்திரி முதல்முறையாக வாயைத் திறந்தான். "உங்க பையில ரப்பர் ஸ்டாம்ப் இருக்குங்களா, ஐயா? அதுல எழுத்து எந்தப் பக்கம் பாத்துட்டு இருக்கு?"

ஆய்வாளர் ஸ்டாம்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு சுவரை. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப கடை முன்னாடியே இருந்திருக்கு. கதவும் இந்தக் கடையோடதுதான்."

"ஆமாங்க. கதவு... பயன்பட்டுது" என்றான் மேஸ்திரி, தரையைப் பார்த்துக்கொண்டு.

ஆய்வாளர் கடை மேசையிலேயே உட்கார்ந்து எழுதினார். "கையெழுத்துப் போடுங்கம்மா. நோட்டீஸ் ரத்து."

கத்தியக்கா படித்தாள். 'நூலகப் பணிக்குத் தம் கடைக் கதவைக் கொடுத்து உதவிய' என்ற இடத்தில் விரல் நின்றது. பேனாவைக் கீழே வைத்தாள்.

"நான் கொடுக்கல."

"உங்களுக்கு நல்ல பேருதானேம்மா?"

"நல்ல பேரை வச்சு மீன் வறுக்க முடியுமா? ஊர்லேர்ந்து வந்து பாக்கறேன், கடை வாயைப் பொளந்துட்டுக் கிடக்கு. மூணு நாள் மழை உள்ளயே பெஞ்சிருக்கு. அடுப்பு போச்சு, மாவு போச்சு. இதுக்குப் பேரு கொடுக்கறதா?"

"ஒரு வார்த்தைக்காகப் பிடிவாதம் பண்ணாதீங்க. கையெழுத்து இல்லாம நான் போனா நோட்டீஸ் அப்படியே நிக்கும். கடை போயிடும்."

அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் பேனாவைத் தொடவில்லை. பதின்மூன்று வருடம் அடுத்தவன் கதையைக் கேட்டது போதாதென்று இனி அதற்குக் கீழே தன் கையெழுத்துமா?

மேஸ்திரி அண்ணியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அதுதான் அவனைச் சுட்டது.

"ஐயா, கேக்காம கழட்டினது நான்தான். என் பேரைப் போட்டே எழுதிக்கங்க."

"யோசிச்சுச் சொல்றீங்களா? இது கட்டடப் பிரிவுக்கும் போகும்."

"போகட்டும்ங்க."

ஆய்வாளர் பெருமூச்சு விட்டு, வரியை அடித்து, மேலே பொடி எழுத்தில் மாற்றி எழுதித் தாளைத் தள்ளினார். கத்தியக்கா மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"எடுத்தது இவன், சரி. எடுத்ததுக்குப் பேரு வச்சுத் தன் கற்பனைன்னு சொல்லிக்கிட்டது யாரு? அதையும் எழுதுங்க" என்று தாளைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினாள்.