கை படாமல் மூன்று சுற்று

தனகோட்டி முதலில் கைப்பிடிகளைப் பார்க்கிறார். குக்கர் மூடியின் கைப்பிடி, பாத்திரத்தின் கைப்பிடிக்கு மேல் மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குறி பார்க்கிறார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றுகிறார். மூன்று விசில் வராமல் எந்தக் குக்கரும் அவர் கடையை விட்டுப் போவதில்லை. "மொத விசிலு எந்த ஓட்டக் குக்கரும் அடிக்கும். ரெண்டாவது சந்தேகந்தான். மூணாவதுதான் நம்ம வேல."

செஞ்சி பஜாரில் எட்டடி அகலக் கடை. வயது ஐம்பத்திரண்டு. புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர், காதில் பென்சில். வருகிறவர்களின் பெயர் அவருக்கு நினைவில் நிற்காது. குக்கர் நிற்கும். "மேல்மலையனூரு அஞ்சு லிட்டரு வந்துச்சா?" என்று கேட்பார். கோயிலுக்குப் போகும் அமாவாசை பஸ் நெரிசலில் நசுங்கி வரும் குக்கர்களுக்குத் தனி அலமாரி வைத்திருக்கிறார்.

அந்த அலமாரியின் மேல்தட்டில், ஈரிழைத் துண்டுக்கு அடியில், ஒரு ரயில் இன்ஜின் நிற்கிறது.

1829இல் இங்கிலாந்தில் ஒரு போட்டியில் மற்ற இன்ஜின்களை முந்திய 'ராக்கெட்'டின் சிறு உரு அது. மஞ்சள் கொதிகலன், ஒரு அடி உயர வெள்ளைப் புகைபோக்கி, முன்னால் பெரிய சக்கரம் இரண்டு, பின்னால் சிறியது இரண்டு. தொடுத்த வண்டியில் தண்ணீர்ப் பீப்பாய். அளவு பதினாறில் ஒரு பங்கு. "அசலு ஒரு ரூபான்னா இது ஒரு அணா." பிஸ்டன் ஓடும் குழாய்கள் பழைய பம்பு ஸ்டவ்விலிருந்து எடுத்த பித்தளை. ஆவி கசியாத வளையங்கள் குக்கர் கேஸ்கட்டில் வெட்டியவை. சக்கரம் வேப்பங்கட்டை. அடியில் ஸ்பிரிட் விளக்கு எரிந்தால் கொதிகலன் உண்மையிலேயே கொதிக்கும்.

செஞ்சியில் ரயில் ஏற முடியாது. திண்டிவனம் போக வேண்டும். தனகோட்டி வாழ்நாளில் ரயில் ஏறியது இரண்டு முறை. இரண்டும் டீசல். ராக்கெட்டின் படத்தை ஒரு பழைய காலண்டரில் பார்த்தார். உடனே புரிந்துவிட்டது என்கிறார். "இதுவும் குக்கருதான். அடைச்சு வெச்ச ஆவி. இன்னா, நம்முளுது சும்மா கத்துது, இது வேல செய்யுது."

நான்கு வருடம் ஆனது. எதிர்க் கடை டெய்லர் பார்த்திபன் தினமும் விசாரிப்பார். "நெலாவுக்கு எப்பக்கா வுடப்போற?"

"மொதல்ல தரையில போவட்டும் தம்பி."

தரையில்தான் போகவில்லை. பத்து நாள் முன்பு கடைக்குள் அலுமினியப் பட்டையை வட்டமாக வளைத்துத் தண்டவாளம் போட்டு, விளக்கை ஏற்றினார். ஆவி வந்தது, வால்வு சீறியது, இன்ஜின் அசையவில்லை. பார்த்திபன் ஆள்காட்டி விரலால் சக்கரத்தைச் சற்றுத் தள்ளினார். ஓடியது. நன்றாகவே ஓடியது. வேகம் குறைந்து நின்றால் மறுபடி விரல் வேண்டும். அன்றிலிருந்து விரல் கொடுப்பது பார்த்திபனின் வேலையாயிற்று. சட்டை அளவு எடுப்பதை விட்டுவிட்டுக்கூட ஓடி வருவார்.

பெண்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இன்ஜினைக் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பு. மகாலட்சுமி டீச்சர் வந்து பார்த்துவிட்டு, "உள்ள ஒரு சின்ன மோட்டார் வெச்சுடுங்களேன், பிள்ளைங்களுக்குத் தெரியவா போவுது?" என்றார்.

"கொதிக்காத குக்கருக்கு நானே வாயால விசிலடிச்சா மாரி இருக்கும் டீச்சர்."

வியாழன் சாயங்காலம் ஐந்து மணிக்குள் அது கை படாமல் மூன்று சுற்று வராவிட்டால், தன் பெயரைக் கண்காட்சிப் பட்டியலில் அடித்துவிடச் சொன்னார். விசிலுக்கு வைத்த கணக்குதான் இதற்கும்.

வியாழன் மூன்று மணிக்கு கரண்ட் போனது. அவலூர்பேட்டையிலிருந்து மூன்று லிட்டர் குக்கரோடு வந்த காத்தாயி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே பார்த்திபன் மோட்டாரைக் கழற்றிவிட்டு மெஷினைக் காலால் மிதித்தார். மிதி நகரவில்லை. மேல் சக்கரத்தை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். ஓடியது. கரண்ட் போகும்போதெல்லாம் அவர் செய்வதுதான். தனகோட்டி ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"இன்னாத்துக்குத் தம்பி கையால தட்டுன?"

"தெரியாத மாரி கேக்குறியே. மிதி உச்சியில நின்னுக்கிச்சுன்னா எம்மாம் மிதிச்சாலும் சுத்தாது. ஒரு தட்டு தட்டணும்."

"ரெண்டு மிதி இருந்தா?"

"ரெண்டும் ஒண்ணா உச்சியில நின்னா ரெண்டும் தண்டந்தான்."

"ஒண்ணு உச்சியில நிக்கசொல்ல இன்னொண்ணு பாதி வழியில இருந்தா?"

பார்த்திபன் நூலைப் பல்லால் கடித்தார். "அப்ப எங்கைக்கு வேல மிச்சம்."

தனகோட்டி இன்ஜினைத் துண்டோடு தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். காலண்டரில் ஒரு பக்கம்தான் தெரிந்தது. போனில் பார்த்த வீடியோக்களிலும் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். மறு பக்கத்தை அவர் குக்கர்க் கைப்பிடி போல, நூல் பிடித்து, மயிரிழை பிசகாமல் முதல் பக்கத்துக்கு நேராக வைத்திருந்தார். நான்கு வருடத்தில் அவர் அதிகம் பெருமைப்பட்டது அதற்குத்தான். அதனால் இரண்டு பிஸ்டனும் ஒரே நொடியில் குழாயின் கோடிக்குப் போய், ஒரே நொடியில் செயலற்று நின்றன.

"நேரா வெச்சேன் பாரு, அதான் தப்பு," என்றார். முகம் சிவந்து சிரித்தார்.

வலது சக்கரத்தையும் அதன் வால்வுத் தண்டையும் கழற்றி, கால் சுற்றுத் திருப்பிப் பூட்டினார். திருகாணி ஒன்று உருண்டு முக்காலிக்கு அடியில் போயிற்று. காத்தாயி எடுத்துக் கொடுத்தார்.

"எங்க ஊட்டு சோறு இந்த ரயில்லதான் வரணுமா?"

"ஒம் மூணு லிட்டருக்கும் மூணு விசிலு உண்டு. செத்த இரு."

"இருக்கேன் இருக்கேன். பஸ் போனா அடுத்த பஸ்ஸு. போவுதா இல்லியான்னு பாக்காம எப்டிப் போறது?"

நாலரைக்குத் தண்டவாளம் போட்டாயிற்று. சாக்பீஸால் ஒரு கோடு. ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தார். ஐந்து நிமிடத்தில் வால்வு முணுமுணுத்தது. தனகோட்டி ஆவியைத் திறந்தார்.

யாரும் தொடவில்லை. சக்கரம் சுழன்றது.

"ஐயே, போவுதுடி," என்றார் காத்தாயி. இன்ஜின் சப்பு சப்பென்று மூச்சு விட்டுக்கொண்டு அலமாரியைக் கடந்தது, அடுப்பைக் கடந்தது, கோட்டைத் தாண்டியது. சுடுதண்ணீர்த் துளிகள் சிமெண்டில் விழுந்து காய்ந்தன. பார்த்திபன் கழுத்தில் டேப்போடு வந்து குந்தினார்.

"ரெண்டு," என்றார், இன்ஜின் மறுபடி கோட்டைத் தாண்டியதும்.

மூன்றாவது சுற்றில் விளக்கின் சுடர் நீலமாகச் சுருங்கியது. ஸ்பிரிட் தீர்ந்துகொண்டிருந்தது. மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி நீண்டது. கோட்டுக்கு ஒரு முழம் முன்னால், வளைவில், இன்ஜின் ஏறக்குறைய நின்றது. பத்து நாள் பழக்கத்தில் பார்த்திபனின் விரல் தானாக நீண்டது.

தனகோட்டி அவர் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார்.

சக்கரம் ஒரு நெல்மணி தூரம் உருண்டது. நின்றது. இன்னொரு நெல்மணி. மறுபக்கத்துப் பிஸ்டன் மெதுவாக நீண்டது. சப்பென்று ஒரு மூச்சு. புகைபோக்கி ஆடிக்கொண்டே கோட்டைத் தாண்டியது.

"மூணு," என்றார் காத்தாயி.

"அக்கா, கைய வுடு," என்றார் பார்த்திபன்.

தனகோட்டி விடவில்லை. இன்ஜின் இன்னும் போய்க்கொண்டிருந்தது.