புகையில்லாத வெள்ளிக்கிழமை

எண்ட மில்லுல புகையே இல்லெண்டு காட்டி ஏமாத்தினவன் நான்தான். ஏமாந்தவனும் நான்தான். எனக்கு மூளை இருக்கெண்டு இந்த வயசுலயும் நம்புறன், அதான் பிரச்சினை.

அக்கரைப்பற்றுல எங்களுக்கொரு சின்ன அரிசி மில்லு. நெல் அவிக்கிற பொயிலருக்கு உமிதான் எரிக்கிற. வாப்பா காலத்து அடுப்பு. பாதி உமி எரியும், மீதி கரும்புகையாப் போகும். அந்த அடுப்படியில பதினெட்டு வருசமா ஒருத்தன் உமி தள்றான். என்னை விட இளையவன், ஆனா நாலு படி ஏறினா மூச்சு வாங்கும். புகைய விட்டு விலகச் சொல்லிட்டார் டொக்டர். அவனுக்கு வேற தொழில் தெரியா.

இந்த நேரத்துலதான் ஒரு திட்டக்காரங்க வந்தாங்க. ஆலைகள்ல இருந்து போற பூமியச் சூடாக்குற பச்சைவீட்டு வாயுவக் குறைக்கிறாங்களாம். உமிய முழுசா எரிக்கிற புது அடுப்பு சும்மா தருவாங்களாம். முதல்ல புகைய அளக்க ஆள் வரும், நாளச் சொல்லுங்கோ எண்டாங்க.

நான் அத பொண்ணு பார்க்க வாற மாதிரி நினைச்சிட்டன். புகையக் கண்டா ஊத்தை மில்லெண்டு ஒதுக்கிருவாங்களெண்டு, வெள்ளிக்கிழமை வரச் சொன்னன். ஜும்ஆத் தொழுகைக்காக நாங்க வியாழன் பின்னேரம் அடுப்ப அணைச்சா, சனிக்கிழமைதான் மூட்டுவம். புகைக்குழாய்க்குச் சுண்ணாம்பும் அடிச்சன்.

"காக்கா, எரியிற நாள்ல வரச் சொல்லுங்கோவன். அவங்க பார்க்க வாறதே புகையத்தானே?" எண்டான் அடுப்படிக்காரன். அண்ணன் முறைக்கு அவன் என்னைக் காக்கா எண்டுதான் கூப்பிடுற.

"உனக்கு விளங்காது. நான் பெரிய ஆக்களோட கதைச்சுப் பழகினவன்."

வந்த மனுசன் புகைக்குழாயில கருவிய வெச்சுப் பார்த்தார், முள் அசையவேயில்லை. "எப்பவும் இப்படித்தானா?"

"ஓம், எப்பவும் இப்படித்தான்" எண்டன். இளநியும் வெட்டிக் குடுத்தன்.

ரெண்டு மாசத்தால கடிதம் வந்திச்சு. எங்கட மில்லுல குறைக்க ஒண்டுமில்லையாம், அதால அடுப்பு தர ஏலாதாம். பாராட்டும் எழுதியிருந்தாங்க. அடுப்பு போனது, ஊருலயே ஆகக்கூடுதலாப் புகை விடுற மில்லுக்கு. நான் போன் எடுத்து, அண்டைக்குப் பொய் சொன்னன், எங்கட புகையும் நல்ல புகைதானெண்டு கெஞ்சினன். "எழுதினது எழுதினதுதான் ஹாஜியார்" எண்டாங்க. நான் ஹஜ்ஜுக்குப் போனதும் இல்லை.

பகிடியாக்கிச் சமாளிப்பமெண்டு கடிதத்த அடுப்படிக்குக் கொண்டு போனன். "பாருடா, உலகத்துலயே சுத்தமான மில்லுல நீ வேலை செய்றாய்."

அவன் சிரிக்கல்ல. இருமி முடிக்கிற வரைக்கும் நான் கடிதத்த நீட்டிக்கொண்டு நிண்டன்.

"உங்களுக்கு வெக்கம் வரக்கூடாதெண்டு எண்ட நெஞ்சக் குடுத்திட்டீங்க, காக்கா" எண்டான்.