வெள்ளெழுத்தும் ஹனீபா நானாவும்

கடை மூடியிருந்தது. தலவாக்கலையில் ஹனீபா நானாவின் மூக்குக்கண்ணாடிக் கடை, ஜும்மா நேரம் தவிரப் பகலில் மூடியிருந்து நான் கண்டதில்லை. சொல்லிவைத்த கண்ணாடியை வாங்க லிந்துலையிலிருந்து பஸ் ஏறிப் போயிருந்தேன். பக்கத்து பேக்கரி அக்கா வெளியே வந்தார்.

“தெரியாதாங்க? நானா போயிட்டாங்க. முந்தாநாள் காலையில நெஞ்சுவலி. அன்னைக்குச் சாயந்தரமே அடக்கிட்டாங்க.”

“இல்லைங்க, இன்னைக்கு வரச் சொன்னாங்களே” என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேனாம். எங்கள் வீடுகளில், தூரத்தில் இருப்பவர்கள் வந்து முகம் பார்க்கும்வரை காத்திருப்போம். அவர்கள் வழக்கம் அன்றைக்கே அடக்குவது. தெரிந்ததுதான், ஆனாலும் முகம் பார்க்காமல், ஒருவர் போய்விட்டார் என்று எப்படி நம்புவது?

அவரிடம் கண்ணாடி போட்ட உங்களுக்கெல்லாம் அவருடைய கேலி தெரியும். நாற்பத்தைந்து தாண்டியதும் எனக்கு வெள்ளெழுத்து வந்தது. வீட்டுக் கணக்கில் மூன்றும் எட்டும் ஒன்றாயின. அரிசியில் கல் தெரியவில்லை. தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்: இறந்துபோன மாமியாரின் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். தலைவலி தாங்காமல் நானாவிடம் போனபோது அதை வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

“மாமியார் சேலையைக் கட்டலாம் தங்கச்சி. மாமியார் கண்ணைப் போட ஏலுமா?”

அன்று அவர் கண்ணாடி விற்கவில்லை. “நான் கண்ணாடி விக்கிறவன். கண்ணுக்கு உள்ளுக்குப் பார்க்கிறது டொக்டர். முதல்ல ஆஸ்பத்திரியில காட்டிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார்.

காட்டிவிட்டு வந்து, இதற்கு மருந்தே இல்லையா என்று நானாவிடம் கேட்டேன். வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகிப்போகிறது, அதை மறுபடி இளசாக்க முடியாது என்றார். சில நாடுகளில் சொட்டு மருந்து உண்டு, சில மணி நேரந்தான் நிற்கும், எல்லாருக்கும் ஒத்துவராது. கண்ணின்மேல் ஒட்டும் வில்லையும் உண்டு. உள்ளே இருப்பதையே மாற்றும் ஆபரேஷனை டொக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். எனக்கு வாசிக்கும் கண்ணாடியே போதும் என்றார்.

நான் விடவில்லை. பாராயணத்தில் புத்தகமும் தெரிய வேண்டும், நிமிர்ந்தால் அம்மனும் தெரிய வேண்டும். மேலொன்று கீழொன்றாக இரண்டு பார்வையும் உள்ள கண்ணாடிதான் வேண்டும் என்று நின்றேன்.

“சரி, கோயிலுக்குப் போடுங்க. அதோட தோட்டத்துப் படியில இறங்காதீங்க. கீழ்ப்பக்கத்தில படி மங்கும். உருண்டீங்கன்னா உங்க வீட்டுக்காரர் என்கிட்டத்தான் சண்டைக்கு வருவாரு!”

பேக்கரி அக்கா என்னை நானாவின் வீட்டுக்கு அழைத்துப் போனார். கண்ணாடியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஊரையே டொக்டருக்கிட்ட அனுப்பினாரு தங்கச்சி. ஒரு மாசமா நெஞ்சு அடைக்குதுன்னாரு. போய்க் காட்டுங்கன்னா, கடையைச் சாத்திட்டு எப்படிப் போறதுன்னு என்னையே கேட்டாரு.”

எனக்குக் கண்ணீர்கூட வரவில்லை. நம் எல்லோரையும் விரட்டி அனுப்பிய மனிதரை விரட்ட நம்மில் ஒருவரும் இல்லாமல் போயிற்றே! கோயிலில் அவர் பேருக்கு விளக்கேற்றியும் நெஞ்சு ஆறவில்லை.

நான் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்த அன்று, நானா எனக்குச் சோதனைக் கண்ணாடியை மாட்டிவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கமிருந்து எழுத்து அட்டையை நீட்டினார். நான் அட்டையைப் பார்க்கவில்லை. நரைத்த தாடி, புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு, சிரிப்பை அடக்கும் உதடு.

“அட்டையைப் பாருங்க தங்கச்சி, என்னை என்னத்துக்குப் பார்க்கிறீங்க?”

கிட்டே வந்த முகங்களெல்லாம் மாதக்கணக்கில் மங்கியிருந்த எனக்கு, முதலில் தெளிந்த முகம் அவருடையது. அந்த முகத்தையே மனசில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.