கைதட்டலில் கேட்ட மோதிரச் சத்தம்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் பெங்களூரில் ஆஸ்டின் டவுனில் குடியிருந்தோம். ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் எனக்கு கிளார்க் வேலை. அதைவிட முக்கியம், எங்கள் வட்டாரத்தில் நான் தாளம் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியிருந்தது. மார்கழி மாத பஜனைக்கு நான்தான் ஜால்ரா. யாராவது ஒரு தட்டு பிசகினால் போதும், பாட்டை நிறுத்திவிட்டு "யாரது?" என்று திரும்பிப் பார்ப்பேன். அப்படிப் பார்ப்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

என் பிரிவிலேயே வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஓய்வு நேரத்தில் இங்கிலீஷ் பேண்டில் டிரம்ஸ் வாசிப்பார். ஒருநாள் கேன்டீனில் வந்து உட்கார்ந்தார்.

"குரு, சோல் மியூசிக்கோட சரித்திரத்தை மியூசிகலா போடுறாங்க. கோரஸ்ல நின்னு கை தட்டிப் பாட ஆள் வேணுமாம். நீ வர்றியா?"

"சோல்னா ஆத்மாதானே?"

"ஆமா, வெச்சுக்கோயேன்."

ஆத்மா சமாச்சாரம் என்றால் பக்திப் பாட்டாகத்தான் இருக்கும் என்று நினைத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நெற்றி நிறைய விபூதியோடு போய் நின்றேன். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய ஹால். அங்கே கிடார், டிரம்பெட், இந்தப் பக்கம் நாலு பேர் இடுப்பை ஆட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போயிருப்பேன். டிரம்ஸ் நண்பர் என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார்.

கதையைக் கேட்ட பிறகு அங்கேயே தங்கிவிட்டேன். அமெரிக்காவில் பருத்திக் காட்டில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் வேலை செய்துகொண்டே பாடிய பாட்டு, பிறகு அவர்களுடைய தேவாலயத்துக்குள் போகிறது. அங்கிருந்து நகரத்துக்கு வந்து ரேடியோவில் ஏறுகிறது. கடைசியில் உரிமை கேட்டு ஊர்வலம் போகிறவர்களின் வாயில் வந்து உட்காருகிறது. இதுதான் நாடகம். வசனம் கொஞ்சம், பாட்டு நிறைய. டைரக்டர் ஒரு காலேஜில் இங்கிலீஷ் சொல்லித்தரும் பெண்மணி. தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசக்கூடியவர்.

கோரஸில் நாங்கள் பன்னிரண்டு பேர். எங்கள் வேலை கைதட்டுவது. கேட்க சுலபமாக இருக்கிறது அல்லவா? ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினால், நம் பஜனையில் முதல் எண்ணிக்கையில் கை விழும். அவர்கள் பாட்டில் ஒன்றை விட்டுவிட்டு இரண்டில் தட்ட வேண்டும், மூன்றை விட்டுவிட்டு நாலில் தட்ட வேண்டும். அதில்தான் அந்தப் பாட்டுக்கே உயிர் என்றார் டைரக்டர். இதெல்லாம் எனக்கு ஒரு பெரிய விஷயமா என்று நினைத்தேன். டிரம்ஸ் சத்தத்தோடு தட்டும்போது சரியாகத்தான் வந்தது.

வரிசையில் எனக்கு அடுத்து, கடைசி ஆளாக, மர்பி டவுனிலிருந்து வரும் ஒரு பெண் நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் பட்டன் மெஷினில் வேலை. தொழிலாளர் கூட்டம் ஒன்றில் அவர் பாடியதைக் கேட்டு டைரக்டரே கூப்பிட்டு வந்திருந்தார். வாரத்தில் அவருக்கு இருந்த ஒரே லீவு ஞாயிறு. அதையும் ஒத்திகைக்குக் கொடுத்துவிட்டு, வார நாட்களில் ஷிஃப்ட் முடிந்து நேராக ஓடி வருவார். அவரோடு ஒரே லைனில் தைக்கிற பெண்கள் இருபது பேரும் நாடகம் பார்க்க வரப்போவதாக ஒருநாள் என்னிடம் சொன்னார்.

"எங்க லைன்ல யாருமே மேடை ஏறினது இல்ல சார். எல்லாரும் ஒரே கலர்ல புடவை கட்டிக்கினு வர்றாங்களாம். இன்னா ரகளை பண்ணப் போறாங்களோ!"

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நான் ஒப்புக்கு ஒரு 'ஓ' போட்டேன்.

நாடகத்தின் உச்சம் ஊர்வலப் பாட்டு. நடுவில் பேண்ட் முழுவதும் நின்றுவிடும். கதாநாயகி தனியாகப் பாட, எங்கள் கைதட்டல் மட்டும்தான் துணை. அந்த இடம் மட்டும் ஒவ்வொரு முறையும் உதைத்தது. யாரோ ஒருவர் தாளம் மாறித் தட்ட, பாடுகிற பெண் தடுமாறி நின்றுவிடுவாள். காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நாலாவது தடவையும் பாட்டு நின்றது. டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யாரோ ஒருத்தர் தப்பா தட்டுறீங்க. ஹால்ல எக்கோ, எனக்கு யாருன்னே கண்டுபிடிக்க முடியல. ப்ளீஸ், யாரு அது?"

பஜனையில் வருகிற அந்தச் சுகம் எனக்குள் எழுந்து நின்றது. பக்கத்தில் நின்றவரின் காலை நான் ஏற்கெனவே கவனித்திருந்தேன். அவர் கால் ஒரு நேரத்தில் தரையில் விழுந்தது, கை வேறொரு நேரத்தில் தட்டியது. காலும் கையும் ஒன்றாக விழாத தாளத்தை எங்கள் பஜனையில் நான் ஒத்துக்கொண்டதே இல்லை.

"மேடம், இந்தம்மாதான். காலுக்கும் கைக்கும் சம்பந்தமே இல்ல" என்றேன்.

டைரக்டர் என்னை நம்பினார். தாளம் தெரிந்தவர் சொல்கிறார், அவ்வளவுதான். அந்தப் பெண்ணை விலகச் சொல்ல அவருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. "நீங்க காஸ்ட்யூம் பார்த்துக்கறீங்களாம்மா? அங்கேயும் ஆள் இல்ல" என்று கேட்டார்.

அந்தப் பெண் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு "சரிங்க மேடம்" என்று சொல்லி, கோரஸுக்காகப் போட்டிருந்த சிவப்பு அங்கியைக் கழற்றி, நாலாக மடித்து நாற்காலியில் வைத்தார். எனக்கு அப்போது மனசில் ஒன்றுமே தோன்றவில்லை. வேலை முடிந்தது என்று இருந்தது.

அடுத்த ஒத்திகை புதன்கிழமை சாயங்காலம். அவர் இல்லாத வரிசை முன்னைவிட மோசமாகத் தட்டியது. டைரக்டர் வீட்டிலிருந்து டேப் ரெக்கார்டர் கொண்டுவந்து அந்தப் பகுதியைப் பதிவு செய்து, எல்லோரையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார். டிரம்ஸ் இருக்கும்வரை எல்லாம் சரி. டிரம்ஸ் நின்றது. பத்துப் பேரின் தட்டல் இரண்டில் விழுந்தது. அதற்கு முன்னால், ஒன்றில், மெல்லிசாக 'டிக்' என்று ஒரு சத்தம். மறுபடி தட்டல். அதற்கு முன்னால் மறுபடி 'டிக்'.

"மைக்ல ஏதோ கோளாறு" என்றார் ஒருவர்.

மைக்கில் ஒரு கோளாறும் இல்லை. என் வலது கை விரலில் கல் வைத்த மோதிரம் இருந்தது, இடது கை விரலில் ஒரு செப்பு வளையம். தட்டும்போது இரண்டும் இடித்துக்கொள்ளும். டிரம்ஸ் துணை இருக்கும்வரை என் கை அதன் பின்னால் போயிருக்கிறது. அது நின்ற நொடியில் இத்தனை வருட பஜனை என் கையைப் பிடித்து ஒன்றில் கொண்டுபோய் உட்காரவைத்திருக்கிறது. எனக்கே தெரியாமல்!

கையை மெதுவாகப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டால், வெட்கம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். மோதிரத்தைக் கழற்றி பீரோவில் வைத்தேன். பஸ் ஸ்டாப்பில் தட்டிப் பார்த்தேன், குளியலறையில் தட்டிப் பார்த்தேன். "என்னங்க, கொசு ஜாஸ்தியா இருக்கா உள்ள?" என்று மனைவி வெளியிலிருந்து கேட்டாள். நின்று நிதானமாக எண்ணித் தட்டினால் வரும். பாட்டு மனசில் ஓட ஆரம்பித்தால் கை திரும்ப ஒன்றுக்கே போகும். சனிக்கிழமை ஒத்திகையில் சத்தம் வராமல் சும்மா கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். தட்டல் அன்று சுத்தமாக விழுந்தது. டைரக்டர் எங்கள் வரிசையைப் பார்த்து கும்பிடே போட்டார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு நாடகம். நான் ஒன்றரைக்கே போய்விட்டேன். ஹால் வாசலில் ஒரு கூட்டம் நின்றுகொண்டிருந்தது. மாம்பழ மஞ்சளில் ஒரே மாதிரி புடவை, தலை நிறையப் பூ. எண்ணிப் பார்க்கத் தேவையே இல்லை. அவர்கள்தான்.

அவர்களில் ஒருத்தி என்னை நிறுத்தி, "சார், நீங்க இந்த டிராமாவா? எங்க அக்கா எந்தப் பக்கம் நிக்கும்? அந்தப் பக்கமா பார்த்து உக்காரலாம்னு" என்று கேட்டாள்.

தன்னைக் கோரஸிலிருந்து நீக்கிவிட்டதை அவர் அவர்களிடம் சொல்லவே இல்லை. எப்படிச் சொல்லியிருப்பார்? நான் "உள்ள கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு நழுவினேன்.

மேடைக்குப் பின்னால் சின்ன அறை. அங்கே அந்தப் பெண் எங்கள் அங்கிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மேடையில் பேண்ட் பழகிக்கொண்டிருந்தது. அவர் கால் தரையை மிதித்தது, அப்புறம் இஸ்திரிப் பெட்டி துணியில் தட்டென்று விழுந்தது. கால், பெட்டி. கால், பெட்டி. டிரம்ஸ் நின்ற பிறகும் அது நிற்கவில்லை. கால் ஒன்றில், கை இரண்டில், கொஞ்சம்கூடப் பிசகவில்லை.

"எப்படிம்மா இது வருது?" என்று கேட்டுவிட்டேன்.

"மெஷின்ல அப்டித்தான சார். காலு மொதல்ல மிதிக்கணும், அப்பால கை இஸ்துக்கணும். ரெண்டும் ஒண்ணா போச்சுன்னா வெரலு போயிடும்."

கதவில் சாய்ந்துகொண்டேன். "அன்னிக்குத் தப்பா தட்டுனது நான்தாம்மா" என்றேன்.

"தெரியும் சார்." அவர் பெட்டியை நிறுத்தவில்லை. "பக்கத்துலதான நின்னேன். உங்க மோதிரம் டிக்கு டிக்குன்னு காதாண்டயே கேட்டுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னா நம்புவாங்களா? நீங்க தாளம் தெரிஞ்சவரு. நான் பட்டன் வெக்கிறவ."

"என்னை மன்னிச்சுக்கோங்க" என்றேன். அதுவரை அவரை நான் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

அப்போதுதான் அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"எனக்கு மட்டும் சொன்னா எப்டி சார்? என்னைத் தூக்குனது எல்லார் முன்னாலயும்தான?"

மேடைக்குப் போகும் படிகள் ஐந்து. அன்று அதை ஏறியது இன்னும் நினைவிருக்கிறது. டைரக்டர், பேண்ட், கோரஸ், லைட் போடுகிறவர் எல்லோரும் இருந்தார்கள். நான் நடுவில் நின்று விஷயத்தைச் சொன்னேன். டேப்பில் கேட்ட 'டிக்' என் மோதிரம் என்றும், புதன்கிழமையே தெரியும் என்றும், நேற்று நான் தட்டவே இல்லை என்றும் சொன்னேன். அழகாகச் சொல்லவில்லை, உளறினேன். டிரம்ஸ் நண்பர் 'பக்'கென்று சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"ஷோவுக்கு ஒரு மணி நேரம் இருக்கறப்ப வந்து சொல்றீங்களே, சார்" என்றார் டைரக்டர். அவர் என்னைத் திட்டியது அவ்வளவுதான். பிறகு நேராக அந்தப் பெண்ணிடம் போய், அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என் மேலயும் தப்பு. நான் ஒரு வார்த்தை உங்களைக் கேட்டிருக்கணும்" என்றார்.

அந்தப் பெண்ணின் அங்கியை அதற்குள் டான்ஸ் ஆடுகிற ஒருத்திக்கு வெட்டித் தைத்துவிட்டிருந்தார்கள். அதனால் என் அங்கியை அவருக்குக் கொடுத்தேன். காலில் தட்டியது. நானே குனிந்து உட்கார்ந்து கீழே மடித்து ஊக்கு குத்திவிட்டேன். வாசலுக்குப் போய் மஞ்சள் புடவைக்காரர்களிடம், "உங்க அக்கா வலது பக்கம், கடைசி ஆளு" என்றும் சொன்னேன்.

நாடகத்தை மேடைக்கு ஓரமாக, திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஊர்வலப் பாட்டு வந்தது. பேண்ட் நின்றது. பதினோரு பேர் தட்ட, கதாநாயகி பாட ஆரம்பித்தாள். ஹாலில் இருந்தவர்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவர்களும் சேர்ந்து தட்ட ஆரம்பித்தார்கள். எதில்? ஒன்றில்! என்னைப் போலவே, மொத்த ஹாலும். கதாநாயகியின் குரல் ஒரு கணம் ஆடியது.

கடைசியில் நின்ற அந்தப் பெண் ஒரு அடி முன்னால் வந்தார். அங்கிக்குக் கீழே கால் பளிச்சென்று தெரிய ஓங்கி மிதித்து, இரண்டில் கையைத் தட்டினார். கீழே வலது பக்கத்திலிருந்து இருபது பேர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கால், கை. கால், கை. வருடக்கணக்காக ஒரே லைனில் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறார்கள்! மஞ்சள் வரிசையிலிருந்து பக்கத்து வரிசைக்கு, அங்கிருந்து பின்னால் என்று பரவி, ஹால் முழுவதும் இரண்டுக்கு வந்து சேர்ந்தது. பாட்டு மேலே எழுந்தது. பருத்திக் காட்டில் வேலை செய்த கைகளிலிருந்து அந்தப் பாட்டு எப்படிப் பிறந்திருக்கும் என்று இரண்டு மாதம் டைரக்டர் சொல்லிக்கொடுத்தும் எனக்கு ஏறவில்லை. அன்று ஒரு நிமிஷத்தில் ஏறிவிட்டது.

திரைக்குப் பின்னால் நானும் கால் மிதித்துப் பார்த்தேன். கையை மட்டும் தட்டவில்லை.

அந்தப் பெண்ணை அதன் பிறகு ஒருமுறை அல்சூர் மார்க்கெட்டில் பார்த்தேன். "இன்னா சார், தாளம் எல்லாம் நல்லா போகுதா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தபடி போய்விட்டார். மோதிரத்தை நான் மறுபடி போட்டுக்கொண்டுவிட்டேன், இன்றும் விரலில் இருக்கிறது. யாரையாவது பார்த்து "தப்பு" என்று சொல்ல வாய் வரும்போதெல்லாம் அந்த 'டிக்' முதலில் எனக்குத்தான் கேட்கிறது.