மறைவு தேதி இல்லாத போஸ்டர்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். உடைந்த டிஸ்பிளே மாற்றுவது, சார்ஜ் ஏறாத போனைப் பிரித்துப் பார்ப்பது, இதுதான் பிழைப்பு. மிச்ச நேரத்தில் வீடியோ கேம் விளையாடுவேன். கல்யாணமாகி, பெண் பள்ளிக்கூடம் போகிற இந்த வயதிலும் விளையாடுகிறேன். "குடும்பஸ்தனுக்கு இன்னா வெளாட்டு?" என்று கேட்டவர்களோடெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும்.

எனக்குப் பைத்தியம் பிடித்தது ஒரே ஒரு கேமின் மேல். எதிரி பிடித்த கோட்டையை ஒரு வீரன் மீட்கிற கதை அது. இரண்டாம் பாகத்தின் முடிவில், எல்லாச் சண்டையும் ஜெயித்துவிட்டு, அவன் ஒரு பெரிய கதவில் கை வைப்பான். கதவு திறப்பதற்குள் திரை இருட்டிவிடும். அவ்வளவுதான், முடித்துவிட்டார்கள் படுபாவிகள். அதற்கப்புறம் வருஷக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. வருஷா வருஷம் புதுக் கேம்களை அறிவிக்கிற பெரிய நிகழ்ச்சியை நேரலையில் பார்ப்போம். கார் ஓட்டுகிற கேம் வரும், பந்தாடுகிற கேம் வரும், யாருமே கேட்காத மீன் பிடிக்கிற கேம்கூட வரும். எங்கள் மூன்றாம் பாகம் மட்டும் வராது.

இந்தக் கேமுக்காகக் காத்திருக்கிற தமிழ்க்காரர்களுக்கென்று செல்போனில் ஒரு குழு உண்டு. நாகர்கோவில், சேலம், வேலூர் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள். ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. அதில் செஞ்சிக்காரர்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று, திண்டிவனம் ரோட்டில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனராக இருந்த என் சிநேகிதன். தளவானூர்ப் பையன். அங்கே குகைக் கோயில் பக்கம்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்று, டிரெய்லர் பார்க்க அங்கே போய் உட்காருகிற ஆள்.

குழுவின் கேலி முக்கால்வாசி அவனிடமிருந்துதான் பிறக்கும். புதிதாகச் சேர்ந்த எவனாவது "மூணாம் பாகம் எப்ப வரும்?" என்று கேட்டால், "ராஜகிரி மேல லிஃப்ட் போட்ட மறுநாள்" என்பான். எங்கள் ஊர்க் கோட்டையைக் கண்ணாலும் பார்க்காத நாகர்கோவில்காரன்கூட அதே பதிலைச் சொல்ல ஆரம்பித்தான்.

அதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது அவனுடைய போஸ்டர். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிப்பது அவனுக்குத் தினசரி வேலை. ஊதா நிறப் பின்னணி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே புறா, நடுவில் இறந்தவர் படம், கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். அறிவிப்பு நிகழ்ச்சி ஒவ்வொன்றும் எங்களை ஏமாற்றி முடிந்த கையோடு, அதே மாதிரி ஒன்று செய்து குழுவில் போடுவான். அந்த வருஷம் யார் ரொம்ப நம்பிக்கையாகப் பேசினாரோ அவர் படம் நடுவில் இருக்கும். மறைவு என்ற இடத்தில் நிகழ்ச்சி நடந்த தேதி. "காத்திருந்து காத்திருந்தே காலமானார்" என்று ஒரு வரி. கம்பெனிக்காரனை நாலு வார்த்தை திட்டுவதைவிட அதில் ஆறுதல் இருந்தது. போகப் போக, "அடுத்து என்னப் போடு" என்று ஆட்கள் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். சேலத்தில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிற அக்கா ஒருவர், தன் போஸ்டரைத்தான் புரொஃபைல் படமாக வைத்திருந்தார்.

"எல்லாரையும் சாவடிக்கிற, உன் போஸ்டர் எப்படா?" என்று ஒரு முறை குழுவிலேயே கேட்டேன்.

"என்னுது கடைசில. கேம அறிவிக்கிற அன்னிக்குத்தான் போடுவேன். சந்தோஷத்துல செத்துட்டேன்னு."

"வாயில நல்ல வார்த்தையே வராதாடா உனக்கு?"

"செம டிசைன் மச்சான். பண்ணி ரெடியா வச்சிருக்கேன். தேதியும் அந்த ஒரு வரியும்தான் பாக்கி."

கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த பருவம். ஒரு சாயங்காலம், இருட்டு விழுகிற நேரத்தில், அவன் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஓரத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பஞ்சராகி நின்றிருந்தது. பின்னால் லைட்டும் இல்லை, ஒரு கல்லும் வைக்கவில்லை. பைக் நேராகப் போய் அதில் மோதிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது.

மறுநாள் தளவானூருக்குப் போனேன். தெருமுனையில் அவனுக்கு ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் பைக்கை ஓட்ட முடியாமல் அங்கேயே நிறுத்திவிட்டேன். அதே ஊதா, அதே புறா. சிரித்துக்கொண்டிருந்தான். அவன் செய்து வைத்த போஸ்டரேதான் அது. அவனுடைய கடை முதலாளி, பிள்ளைக்குப் போஸ்டர் அடிக்கலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்திருக்கிறார். அவன் பெயர் போட்ட ஃபைல் தயாராக இருந்திருக்கிறது. மறைவு தேதி மட்டும் காலி. அழுதுகொண்டே தேதியைப் போட்டு அடித்துக் கொண்டுவந்துவிட்டார்.

அவர் சும்மா இருந்திருக்கலாம். சாவு வீட்டில் நாலு பேரிடம், "நான் ஒண்ணும் பண்லங்க, அவனே எல்லாம் செஞ்சு வச்சிருந்தான்" என்று சொல்லிவிட்டார். போதாதா? பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள். நிக்கிற வண்டியில போயி ஏன் மோதணும்? ரோடு தெரியாத ஆளா? முன்னாடியே முடிவு பண்ணிட்டானாமே. எவளாவது ஏமாத்திட்டாளா? எனக்கு ரத்தம் கொதித்தது. சாவு வீடு என்று பார்க்காமல் ஒருவரை அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டே போய்விட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்து வெளியே தள்ளினார்கள்.

அவனுடைய அப்பாவை அவன் நைனா என்பான்; நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற மனிதர். நிலம், மாடு, வீடு தவிர வேறு பேச்சு இல்லாதவர். அவர் அழவே இல்லை. அடக்கம் முடிந்து வந்ததும் என்னை மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"நீதான் அவன்கூடவே இருப்ப. உண்மைய சொல்லு. என் புள்ள தெரிஞ்சே செத்தானா?"

"இல்ல நைனா. சத்தியமா இல்ல. அது வெளாட்டுக்குச் செஞ்ச போஸ்டர்."

"செத்துட்டன்னு போஸ்டர் போட்டு எவனாவது வெளாடுவானா?"

என்னென்னவோ சொன்னேன். ஒரு கேம், அதன் மூன்றாம் பாகம், வருஷா வருஷம் ஏமாற்றம், அதனால் கேலி. சொல்லச் சொல்ல எனக்கே பைத்தியக்காரத்தனமாக இருந்தது. போனில் இருந்த மற்ற போஸ்டர்களைக் காட்டினேன்; முகம் தெரியாத யாரோ செத்தவர்கள் என்றுதான் பார்த்தார். கடைசியில், "நீ அவன் சிநேகிதன். அவன வுட்டுக்குடுக்க மாட்ட" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. பிள்ளைக்கு என்ன கஷ்டம் என்று தெரியாமல் இருந்துவிட்டோமே என்ற எண்ணம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் இருந்து பார்த்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

குழுவுக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எழுத வார்த்தை வரவில்லை. தெருமுனை ஃபிளெக்ஸைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அனுப்பிய மறுநிமிஷம் சிரிப்புப் பொம்மைகள் கொட்ட ஆரம்பித்தன. ஏனென்றால் அவன் போஸ்டர் வந்தால் கேம் வந்துவிட்டது என்று அர்த்தம். "அறிவிச்சுட்டானா?" "கதவு தொறந்துச்சா?" "ஃபிளெக்ஸே அடிச்சுட்டியா, தலைவன் வேற லெவல்!" என்று ஒரே கொண்டாட்டம். டேய், நிஜமாகவே செத்துட்டான்டா என்று எழுதினேன். அதற்கும் சிரித்தார்கள். "நடிப்பு பிரமாதம்" என்றான் நாகர்கோவில்காரன். அப்புறம் குரல் பதிவில் எல்லாரையும் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, பாதியில் உடைந்து அழுதுவிட்டேன். அதைக் கேட்ட பிறகுதான் குழுவில் சத்தம் அடங்கியது.

சேலத்து அக்கா போன் செய்தார். நைனா கேட்டதைச் சொன்னேன். நான் சொல்லி அவர் நம்பவில்லை என்பதையும் சொன்னேன்.

"நான் வரட்டுமா?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குழுவில் எழுதினேன்: காரியத்துக்கு வாருங்கள். அவன் கையால் செத்தவர்கள் எல்லாரும் வாருங்கள். அவரவர் போஸ்டரோடு வாருங்கள்.

பதினாறாம் நாள் காரியம். சொந்தக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிற நேரம். ஊரில் யாருக்கும் தெரியாத ஏழெட்டுப் பேர் பஸ்ஸிலிருந்து இறங்கி, வழி கேட்டுக்கொண்டு வந்தார்கள். நாகர்கோவில்காரன், நான் நினைத்ததைவிட வயதானவர், தலை நரைத்திருந்தது. வேலூரில் நர்ஸாக இருக்கிற பெண், வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். சேலத்து அக்கா தன் போஸ்டரைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார். திடமாக இருக்க நினைத்த நானே அவர்களைப் பார்த்ததும் கலங்கிவிட்டேன்.

நைனா முன்னால் போய் நின்றார்கள். அக்காதான் காகிதத்தை நீட்டினார். அவர் வாங்கிப் பார்த்தார். குத்துவிளக்கு, புறா, ஊதா. நடுவில் அக்கா முகம். தலையைத் தூக்கி எதிரே நிற்கிற முகத்தைப் பார்த்தார்.

"இது நீதானாம்மா?"

"நான்தாங்கப்பா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என்னைச் சாகடிச்சான்."

நாகர்கோவில்காரர் செல்போனை நீட்டினார். "நானும் செத்துட்டேன் அய்யா. பாருங்க. என் வீட்டுக்காரி உங்க பையனுக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் திட்டினா. அவன் அவளையே சிரிக்க வச்சுட்டான்."

நர்ஸ் பெண் காட்டினாள். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் காட்டினார்கள். நைனா ஒவ்வொரு படத்தையும் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், மறுபடி படத்தைப் பார்ப்பார். கிளம்பிய சொந்தக்காரர்கள் எல்லாம் வாசலில் நின்று பார்த்தார்கள். அன்றைக்குக் குசுகுசுத்த ஆளும் பார்த்தான். நன்றாகப் பார்க்கட்டும் என்று நான் விலகி வழிவிட்டேன்.

கடைசி ஆள் காட்டி முடித்ததும் நைனா என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அவன் வீட்டுக்குத்தான் வந்துனு இருந்தானா?"

"வீட்டுக்குத்தான் நைனா. வண்டி நின்னது தெரியல. அவ்ளோதான்."

அப்படியே தரையில் உட்கார்ந்து, "யப்பா, யப்பா" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். மகன் செத்ததற்கு அன்றைக்குத்தான் அழுதார். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவனுடைய அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்து, வந்தவர்கள் எல்லாருக்கும் இலை போடச் சொன்னார்.

அதற்கப்புறம் அறிவிப்பு நிகழ்ச்சி வந்தது. நான் பார்ப்பதாக இல்லை. ஆனாலும் கை கேட்கவில்லை. கடையில் ஒரு போனைப் பிரித்துப் போட்டபடியே, பக்கத்தில் ஓடவிட்டிருந்தேன். கார் வந்தது, பந்து வந்தது. பிறகு திரை இருட்டாகி ஒரு கதவு தெரிந்தது. கதவில் ஒரு கை. கதவு ஒரு விரல் அளவு திறந்தது. மூன்றாம் பாகம் என்று எழுத்து வந்தது. எத்தனை வருஷமாகக் காத்திருந்தேன், துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? "இப்பத்தான் வரணுமாடா, நாசமாப் போறவனுங்களா" என்று திட்டிக்கொண்டே கையில் இருந்த ஸ்குரூ டிரைவரைச் சுவரில் வீசினேன். கடைக்கு வந்திருந்தவர் பயந்து வெளியே போய்விட்டார்.

குழுவில் ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. பார்த்திருப்பார்கள், எல்லாரும்தான் பார்த்திருப்பார்கள். யாருக்கும் மனசு வரவில்லை.

மறுநாள் காலையில் நைனா கடைக்கு வந்தார். சேலத்து அக்கா அவருக்கு அடிக்கடி போன் செய்வார், அவர்தான் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

"வந்துருச்சாமே?"

"வந்துருச்சு நைனா."

"காட்டு."

காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கதவு ஒரு விரல் திறந்து நின்றது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"இன்னொரு தபா போடு."

மறுபடி பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அவன் போஸ்டர இது வர்ற அன்னிக்குத்தான போடணும்னு வச்சிருந்தான்? போடு" என்றார்.

"நைனா, அதுல தேதி..."

"மொதலாளிகிட்ட சொல்லி அந்தத் தேதிய எடுத்துடு. அவன் எப்படி வச்சிருந்தானோ அப்படியே போடு."

திண்டிவனம் ரோட்டுக்குப் போய் முதலாளியிடம் சொன்னோம். அவர் மறைவு என்பதற்கு எதிரே இருந்த தேதியை அழித்துக் கொடுத்தார். அங்கேயே நின்று குழுவுக்கு அனுப்பினேன். முதலில் நாகர்கோவில்காரர் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார். பிறகு நர்ஸ் பெண். பிறகு அக்கா. அப்புறம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. நைனா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"சிரிக்கிறாங்களா?"

"சிரிக்கிறாங்க நைனா."

"சிரிக்கட்டும்" என்றார். "அதுக்குத்தான செஞ்சு வச்சிருந்தான்."